எரிச்சல் குறைந்த பிறகும் காலைப் பார்க்க வேண்டும்

எனக்குச் சர்க்கரை வந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. கால் எரிச்சல் அதற்குப் பல வருஷம் கழித்துத்தான் வந்தது. பாளையங்கோட்டையில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றுகொண்டே பாடம் நடத்தின கால் இது. இந்த நரம்பு வலியோடு இத்தனை வருஷம் இருந்ததில் எனக்குத் தெரியவந்ததை எழுதுகிறேன். கால் எரிகிறவர்கள் படிக்க வேண்டும், அவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் அதைவிடக் கட்டாயம் படிக்க வேண்டும். நான் மருத்துவர் இல்லை. மாத்திரை பெயர்களைச் சொல்வது உங்கள் மருத்துவரிடம் விவரமாகப் பேசுவதற்காகத்தான், கடையில் போய் வாங்கிப் போடுவதற்காக இல்லை.

முதலில் அந்த வலி எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலருக்கு அதை எப்படிச் சொல்வது என்றே தெரிவதில்லை, "கால் வலிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். எனக்கு இரண்டு காலிலும் விரல் நுனியில்தான் ஆரம்பித்தது. மதமதவென்று இருக்கும், அப்புறம் ஊசி குத்தும், ராத்திரி பத்து மணிக்கு மேல் உள்ளங்கால் முழுக்க மிளகாய் அரைத்துத் தடவின மாதிரி எரியும். இடையிடையே கட்டைவிரலில் சுரீர் என்று மின்சாரம் பாயும். போர்வை பட்டாலே தாங்காது. இத்தனைக்கும் தொட்டுப் பார்த்தால் கால் குளிர்ந்துதான் இருக்கும், தோலில் சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை, பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. "கால்ல ஒண்ணும் இல்லையே" என்று வீட்டில் சொல்வதற்கு இதுதான் காரணம். வலி நரம்புக்குள் இருக்கிறது, வெளியே தெரியாது.

விரல் நுனியில் ஏன் முதலில் வருகிறது என்றால், இடுப்பிலிருந்து கால்விரல் வரை போகிற நரம்புதான் உடம்பிலேயே நீளமானது. பல வருஷமாகச் சர்க்கரை கூடுதலாக ஓடும்போது நரம்பும் கெடுகிறது, நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகிற மெல்லிய குழாய்களும் கெடுகின்றன. நீளமான நரம்பின் கடைசி முனைக்குத்தான் முதல் அடி. அங்கிருந்து மெதுவாக மேலே ஏறும், சாக்ஸ் போடுகிற இடம் மாதிரியே இரண்டு காலிலும் சமமாக ஏறும். முழங்கால் கிட்டே வரும்போது கைவிரல்களிலும் தொடங்கலாம்.

இந்த இடத்தில் ஒரு வேறுபாடு சொல்ல வேண்டும். ஒரு காலில் மட்டும், இடுப்பிலிருந்து இழுத்துக்கொண்டு வருகிற வலி என்றால் அது முதுகுத்தண்டு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம், அதற்குப் பரிசோதனையே வேறு. சர்க்கரை நரம்பு வலி சும்மா படுத்திருக்கும்போதுதான் கூடும். மருத்துவரிடம் போகும்போது இந்த விவரங்களைச் சொல்லுங்கள்: ஒரு காலா இரண்டு காலா, ராத்திரியா பகலா, நடந்தால் கூடுகிறதா குறைகிறதா, எரிச்சலா குத்தலா மரத்துப்போவதா, வலி பத்துக்கு எத்தனை. நான் ஒரு பழைய டைரியில் தினமும் ராத்திரி ஒரு எண் மட்டும் எழுதிவைப்பேன். 7, 8, 6 என்று. மாத்திரை மாற்றும்போது அந்த எண்கள்தான் உதவின. "கொஞ்சம் தேவலை" என்று சொல்வதை வைத்துக்கொண்டு எந்த மருத்துவரும் ஒன்றும் செய்ய முடியாது.

என் மருத்துவர் செய்த சோதனைகள் எல்லாம் சின்னச் சின்னவை. ஒரு நைலான் நரம்பை, அதாவது மெல்லிய நைலான் இழையை, உள்ளங்காலில் பல இடத்தில் வளையும் வரை அழுத்தி, "கண்ண மூடிக்கோங்க டீச்சர், தொடும்போது சொல்லுங்க" என்றார். அது பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற மாதிரி செய்தது. அப்புறம் தட்டினால் அதிர்கிற இசைக்கவையைத் தட்டி கட்டைவிரல் எலும்பில் வைத்தார். பிறகு பயோதீசியோமீட்டர் என்ற கருவியால் அதிர்வு எந்த அளவில் தெரிகிறது என்று பார்த்தார். 25 வோல்ட்டுக்கு மேல் கூட்டினால்தான் தெரிகிறது என்றால் அந்தக் காலில் புண் வருகிற ஆபத்து அதிகம் என்று கணக்கு. எனக்கு அதைத் தாண்டிவிட்டது. நைலான் நரம்பு கட்டைவிரலில் பட்டதே தெரியவில்லை.

எனக்கு அன்றைக்குப் புரியாதது இதுதான். போர்வை பட்டால் அலறுகிற கால், நைலான் நரம்பு குத்தினால் தெரியவில்லை என்றால் எப்படி? அவர் பொறுமையாகச் சொன்னார். வலியும் மரத்துப்போவதும் ஒரே காலில் சேர்ந்தே இருக்கும். கெட்டுப்போன நரம்பு வெளியே நடக்கிறதைச் சரியாகச் சொல்லாது, ஒன்றும் நடக்காதபோது தானாகவே எரிச்சல் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். மாத்திரையால் அந்தத் தவறான செய்தியைக் குறைக்கலாம். போன உணர்ச்சியைக் கொண்டுவர எந்த மாத்திரையும் இல்லை. "எரிச்சல் நின்னுட்டா கால் சரியாயிட்டுன்னு நினைச்சிராதீங்க. உங்களத் தூங்கவிடாம பண்றது எரிச்சல். காலை எடுக்க வைக்கிறது மரத்துப்போறது." இதை நான் பார்க்கிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சிலருக்கு எரிச்சல் தானாகவே குறையும், சந்தோஷப்படுவார்கள், ஆனால் உள்ளே மிச்சமிருந்த உணர்ச்சியும் போனதால் குறைந்ததாக இருக்கலாம்.

சரி, மாத்திரைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் பி12. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக்கணக்கில் எடுப்பவர்களுக்கு உடம்பில் பி12 வைட்டமின் குறையலாம். பி12 குறைந்தால் அதுவே தனியாகக் கால் மரத்துப்போவதையும் எரிச்சலையும் கொண்டுவரும், சர்க்கரை நரம்பு வலியிலிருந்து பிரித்துப் பார்ப்பது கஷ்டம். எங்கள் வீட்டில் சைவம், மீன் முட்டை கிடையாது, பால் தயிர் மட்டும்தான். சோதித்தபோது குறைவாகத்தான் இருந்தது. ஊசி போட்டு, பிறகு மாத்திரையாக எடுத்தேன். எரிச்சல் அதனால் மட்டும் போய்விடவில்லை, ஆனால் கால் கொஞ்சம் இலகுவானது, களைப்பும் குறைந்தது. மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டியதில்லை, பி12 அளவைச் சோதித்துப் பார்க்கச் சொல்லிக் கேட்டால் போதும். அதோடு தைராய்டும் சிறுநீரகமும் பார்த்துவிடுவது நல்லது. இன்னொன்று, நரம்புக்கு நல்லது என்று நாலு விதமான பி காம்ப்ளெக்ஸ் மாத்திரைகளைச் சேர்த்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பி6 அளவுக்கு மிஞ்சினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். ஒன்று போதும்.

வலிக்கென்று கொடுக்கிற மாத்திரைகளில் அமிட்ரிப்டிலின், ப்ரிகாபலின், கபாபென்டின், துலாக்ஸெடின் ஆகியவைதான் பெரும்பாலும் வரும். இதில் ஒரு சிக்கல் எல்லார் வீட்டிலும் வருகிறது. மாத்திரைப் பெயரைச் செல்போனில் போட்டுப் பார்ப்பார்கள். ஒன்று மனச்சோர்வு மாத்திரை என்று வரும், இன்னொன்று வலிப்பு மாத்திரை என்று வரும். எங்க வீட்டுக்காரர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "உனக்கு எதுக்கு இதக் குடுத்திருக்காங்க, வேற யாருக்கோ எழுதினத மாத்திக் குடுத்துட்டாங்களா?" என்று மருந்துக்கடைக்கே கிளம்பிவிட்டார். மாற்றிக் கொடுக்கவில்லை. இந்த மாத்திரைகள் நரம்பு வழியாகப் போகிற செய்தியைத் தணிக்கிற வேலையைச் செய்கின்றன, அதனால் மனச்சோர்வுக்கும் வலிப்புக்கும் வந்த மருந்துகள் நரம்பு வலிக்கும் வேலை செய்வது கண்டுபிடிக்கப்பட்டு, இன்றைக்கு இதற்கு முதல் மருந்தாகவே கொடுக்கப்படுகின்றன. என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் இந்தப் பயத்திலேயே மாத்திரையைத் தொடாமல் மாதக்கணக்கில் தூங்காமல் கிடந்தார். மனசு கஷ்டமாக இருக்கிறது. யாராவது அவருக்கு உட்கார வைத்து ரெண்டு நிமிஷம் சொல்லியிருக்கலாம்.

எனக்கு முதலில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம், ராத்திரி மட்டும். தூக்கம் வந்தது, கூடவே வாய் வறண்டது, மலச்சிக்கல், காலையில் எழுந்தால் தலை பாரம். வயதானவர்களுக்கும், இதயத் தொல்லை இருப்பவர்களுக்கும், ப்ராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் போவதில் சிரமம் இருக்கும் ஆண்களுக்கும் அந்த மாத்திரை ஒத்துவராமல் போகலாம், அதனால் இருக்கிற எல்லா நோயையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அடுத்து ப்ரிகாபலின் 75. எரிச்சல் நன்றாகக் குறைந்தது. ஆனால் எடை ஏறியது, சாயங்காலத்தில் கால் வீங்கியது, எழுந்து நிற்கும்போது தள்ளாட்டம். அளவைக் குறைத்து, கூட துலாக்ஸெடின் சேர்த்தார். முதல் வாரம் குமட்டல் இருந்தது, சாப்பிட்ட பிறகு போட்டதில் சரியாகிவிட்டது. இந்தக் கூட்டுதான் எனக்கு இன்றுவரை ஓடுகிறது. ப்ரிகாபலினும் கபாபென்டினும் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறவை, ஆகவே ரத்தச் சோதனையில் கிரியாட்டினின் கூடுதலாக, அதாவது சிறுநீரகம் சரியாக வேலை செய்யாமல், இருப்பவர்களுக்கு அளவு குறைக்க வேண்டும். எந்த மாத்திரையையும் "இப்ப தேவலையே" என்று திடீரென நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

2022-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வு வந்தது. ஆப்ஷன்-டிஎம் என்று பெயர். 130 பேருக்கு, அமிட்ரிப்டிலின், துலாக்ஸெடின், ப்ரிகாபலின் ஆகியவற்றில் ஒன்றைத் தொடங்கி, போதாவிட்டால் இன்னொன்றைச் சேர்த்துப் பார்த்தார்கள். எதில் தொடங்கினாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். பத்துக்கு சராசரியாக 6.6 ஆக இருந்த வலி 3.3 ஆகக் குறைந்தது. ஒன்று போதாதவர்களுக்கு இரண்டாவதைச் சேர்த்தது உதவியது. எனக்கு இதில் பெரிய ஆறுதல் இருந்தது. ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கதை முடிந்தது என்று இல்லை, அடுத்தது இருக்கிறது. அதே நேரம் பாதியாகக் குறைவதுதான் நல்ல பலன் என்பதும் தெரிந்தது. பூஜ்யத்துக்கு வரும் என்று காத்திருந்து, வரவில்லை என்று மருத்துவரை மாற்றிக்கொண்டே போகிறவர்களைப் பார்க்கிறேன். என் டைரியில் 3, 4 என்று இருக்கிறது. 3 இருந்தால் நான் தூங்குகிறேன், அது போதும்.

மெடிக்கலில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிற டைக்ளோஃபெனாக் மாதிரியான வலி மாத்திரைகள் இதற்குச் சரிவராது. அவை மூட்டு, தசை வீக்கத்துக்கானவை. நரம்பு எரிச்சலுக்கு உதவாததோடு, ஏற்கெனவே சர்க்கரையால் கஷ்டப்படுகிற சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். மிளகாயின் காரச்சத்தான கேப்சைசின் சேர்ந்த களிம்பு ஒன்று இருக்கிறது. தொடக்கத்தில் அதுவே எரியும், வாரக்கணக்கில் விடாமல் தடவினால்தான் பலன் தெரியும், தடவிய கையை நன்றாகக் கழுவ வேண்டும். எனக்குப் பொறுக்கவில்லை, ஆனால் மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்கள் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம். புண், வெடிப்பு இருந்தால் தடவக் கூடாது.

சர்க்கரையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கெட்ட நரம்பு பழையபடி ஆவது அரிது, மேலும் கெடாமல் மெதுவாக்கத்தான் கட்டுப்பாடு. ஆனால் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. ரொம்ப நாள் கூடுதலாக இருந்த சர்க்கரையை மிக வேகமாக இறக்கினால், மூன்று மாத சராசரி மளமளவென்று குறைந்தால், சிலருக்குக் கால் வலி தாற்காலிகமாகக் கூடும். எங்கள் சொந்தத்தில் ஒரு அண்ணாச்சிக்கு இன்சுலின் தொடங்கிய பிறகு அப்படித்தான் ஆனது. "இன்சுலின் போட்டதுலதான் காலு எரியுது" என்று நிறுத்தப் பார்த்தார். நிறுத்த வேண்டாம் என்று மருத்துவர் விளக்கிச் சொன்னார், மெல்ல இறக்கினார்கள், சில மாதத்தில் வலி தணிந்தது. உங்களுக்கு இப்படி நடந்தால் ஊசியை நீங்களாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

ராத்திரி சமாளிக்க எனக்கு உதவியவை மாத்திரை அளவுக்கே முக்கியமானவை. கட்டிலின் கால்மாட்டில் ஒரு சின்ன பிளாஸ்டிக் முக்காலியை வைத்து அதற்கு மேலே போர்வையைப் போட்டுவிடுவேன், பாதத்தில் துணி படாது. போர்வையும் எங்க வீட்டுக்காரருடைய பழைய பருத்தி வேட்டிதான், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது. எரிச்சல் அதிகமானால் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைப்பேன். ஐஸ் வைக்கக் கூடாது; உணர்ச்சி இல்லாத தோலில் ஐஸும் புண்ணாக்கும். எழுந்து கூடத்தில் செருப்போடு நாலு நடை நடந்தால் எனக்குக் கொஞ்சம் தணியும். சாயங்காலத்துக்கு மேல் காப்பியை நிறுத்தினேன். பகல் தூக்கத்தையும்.

இனி வெந்நீர். வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் சொல்வது, "வெந்நீர்ல கல்லுப்பு போட்டு காலை முக்கி வை" என்பதுதான். அன்பால்தான் சொல்கிறார்கள். ஆனால் சூடு தெரியாத கால் எவ்வளவு சூட்டில் இருக்கிறது என்று அந்தக் காலுக்கே தெரியாது. கொப்புளம் போட்டு, தோல் உரிந்து, புண்ணாகி வருகிறவர்கள் ஏராளம் என்று காலுக்குக் கட்டுப் போடும் நர்ஸம்மா சொன்னார். குளிக்கும் தண்ணீரைக்கூட நான் முழங்கையால் தொட்டுப் பார்த்துத்தான் ஊற்றுகிறேன். வெந்நீர்ப் பை, சூடான மணல் ஒத்தடம், கண்காட்சியில் விற்கிற சூடேறும் மசாஜ் மெஷின், எதுவும் வேண்டாம். பஸ்ஸில் டிரைவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து என்ஜின் மூடி மேல் காலை வைத்துக்கொண்டு போய், இறங்கிய பிறகு கொப்புளத்தைப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். பைக்கில் பின்னால் உட்கார்ந்தால் சைலன்சரைப் பார்த்துக் காலை வையுங்கள்.

வலி தெரியாத கால் எப்படிப் போகிறது என்பதை உலகத்துக்குப் புரியவைத்ததில் நம் வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. 1946-ல் வேலூர் சிஎம்சிக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தார். நோய்தான் விரல்களைத் தின்கிறது என்று எல்லாரும் நினைத்திருந்த காலம். அவர் பார்த்துப் பார்த்துக் கண்டது, உணர்ச்சி போனதால் தெரியாமல் படுகிற காயங்களும் சூடும், ராத்திரியில் எலி கடிப்பதும்தான் விரல்களைக் கொண்டுபோகின்றன என்பது. 1966-ல் அமெரிக்காவுக்குப் போன பிறகு அதே அறிவைச் சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் பயன்படுத்தினார். இன்றைக்கு நாம் போடுகிற எம்சிஆர் செருப்பு, அதாவது மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம் உள்ள செருப்பு, தொழுநோயாளிகளுக்காக வந்ததுதான். அதைப் போடக் கூச்சப்படுகிறவர்கள் நிறையப் பேர், "பாக்கறவங்க என்ன நினைப்பாங்க" என்று. நான் அதைப் போட்டுக்கொண்டுதான் கல்யாண வீட்டுக்கும் போகிறேன். அந்தச் செருப்புக்குப் பின்னால் எத்தனை பேருடைய காலும் விரலும் இருக்கின்றன என்று நினைத்தால் கூச்சம் போய்விடும்.

செருப்பு வாங்கும்போது சாயங்காலம் போங்கள், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுக்கு வாங்கினால் இறுக்காது. விரல் பகுதி அகலமாக, பின்பக்கம் பட்டை வைத்ததாக இருக்க வேண்டும். விரலிடுக்கில் வார் போகிற செருப்பு வேண்டாம். வார் உராய்வதும் தெரியாது, நடக்கும்போது செருப்பு கழன்று போவதுகூட நமக்குத் தெரியாது. புதுச் செருப்பை முதல் நாளே முழுக்கப் போடாமல், கொஞ்ச நேரம் போட்டுக் கழற்றி, எங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேலே முள் முள்ளாக இருக்கும் அக்குபிரஷர் செருப்பைச் சர்க்கரைக்காரர்களுக்கென்றே சொல்லி விற்கிறார்கள். எனக்கு இதில் கோபமே வரும். உணர்ச்சி இல்லாத காலில் முள்ளை வைத்து நாள் முழுக்க அழுத்தச் சொன்னால் அங்கே புண் வராமல் என்ன வரும்? ஷூ போடுகிறவர்கள் போடுவதற்கு முன் உள்ளே கையை விட்டுத் துழாவ வேண்டும். எனக்கு ஒரு தடவை கையில் கிடைத்தது தோட்டுத் திருகாணி.

வீட்டுக்குள்ளும் செருப்பு போட வேண்டும். இதுதான் எங்கள் வீட்டில் பெரிய விஷயம் ஆனது. "ஏட்டி, வீட்டுக்குள்ளயா செருப்பு போட்டுட்டு நடக்க?" என்று அத்தை பேசாமலே இருந்துவிட்டார்கள். வீட்டுக்கு மட்டும் என்று தனியாக ஒரு புது ஜோடி வாங்கி, வாசல் தாண்டாத செருப்பு என்று காட்டி, பூஜை அறைக்கு மட்டும் கழற்றிவிட்டு அங்கே ஒரு கெட்டிப் பாய் விரித்து, அப்படித்தான் சமாதானம் ஆனது. அடுப்படியில்தான் அதிக ஆபத்து என்று அத்தைக்கு நான் காட்டினேன். சிந்தின எண்ணெய், உடைந்த தேங்காய்ச் சிரட்டைத் துண்டு, கீழே விழுந்த ஊசி. இப்போது நான் மறந்து நடந்தால் அவர்களே, "செருப்ப எங்க?" என்கிறார்கள்.

மெட்டியும் அப்படித்தான். சாயங்கால வீக்கத்தில் மெட்டி இறுகி, விரலைச் சுற்றித் தோல் வெளுத்திருந்ததை நர்ஸம்மாதான் காட்டினார். சோப்பு போட்டுக் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது, சும்மா சொல்லக் கூடாது. "காலு இருந்தாத்தான மெட்டி. சாமி படத்துக்கு முன்னால வை" என்று எங்க வீட்டுக்காரர் சொன்னார். நரம்பு கெட்டிருக்கும் பெண்கள் இதைத் தயவுசெய்து பாருங்கள், இறுக்கமான மெட்டிக்குக் கீழே புண் இருப்பது பல நாள் தெரியாது.

தினமும் கால் பார்ப்பது எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால். எனக்குக் குனிந்து பார்க்க முடியவில்லை, கண்ணும் முன்போல இல்லை, ஆகவே அவர்தான் பார்க்கிறார். உள்ளங்கால், குதிகால், விரலிடுக்குகள், நகத்தோரம். தொட்டும் பார்க்க வேண்டும், ஒரு இடம் மட்டும் சூடாக இருந்தால் அது கவனிக்க வேண்டிய இடம். தனியாக இருப்பவர்கள் தரையில் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம், அல்லது செல்போனில் உள்ளங்காலைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். வாரா வாரம் எடுத்த படங்கள் இருந்தால் மருத்துவரிடம் காட்டவும் வசதி. சாக்ஸ் வெள்ளையாகப் போட்டால் ரத்தமோ சீழோ பட்டது உடனே தெரியும்.

பித்தவெடிப்புக்கு விளக்கெண்ணெயோ தேங்காயெண்ணெயோ வாஸலினோ தடவலாம், விரலிடுக்கில் மட்டும் தடவாமல் அங்கே துடைத்து உலர்த்த வேண்டும். வியர்வை நரம்பும் கெட்டுவிடுவதால்தான் கால் அப்படிக் காய்ந்து வெடிக்கிறது. கால் ஆணியை பிளேடால் சீவுவது, ஆணிக்கு ஒட்டுகிற மருந்துப் பிளாஸ்திரி, இரண்டும் கூடாது. அந்தப் பிளாஸ்திரியில் இருக்கிற அமிலம் நல்ல தோலையும் சேர்த்து அரிக்கும். நகத்தை நேராக வெட்ட வேண்டும், ஓரத்தை உள்ளே தோண்டாமல்.

கோயிலை விட முடியாது. நெல்லையப்பர் கோயில் கல் தரை மதியத்தில் எப்படிச் சுடும் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். நான் விடியற்காலையில் அல்லது இருட்டிய பிறகு போகிறேன், கெட்டியான பருத்திச் சாக்ஸ் போட்டுக்கொள்கிறேன், யாரும் தடுத்ததில்லை. ஆனித் தேருக்கு வெறுங்காலோடு வெயிலில் தார் ரோட்டில் வடம் பிடிப்பதை விட்டுவிட்டேன், ஓரமாக நின்று பார்க்கிறேன். குற்றாலத்திலும் பாறையில் வெறுங்காலோடு நடப்பதில்லை, நனைந்தாலும் கழலாத பட்டைச் செருப்பு. பழனிக்கோ திருச்செந்தூருக்கோ வெறுங்காலில் பாதயாத்திரை போவதாக வேண்டிக்கொண்டிருக்கிறவர்கள், கால் உணர்ச்சியைச் சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள். முருகன் செருப்போடு வந்தாலும் பார்ப்பான் என்றுதான் நான் நம்புகிறேன்.

நடைப்பயிற்சி வேண்டும், ஆனால் காலில் புண் இல்லாதபோது, சரியான செருப்போடு. கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வு குறைவதால் தடுமாற்றம் வரும். கண்ணை மூடி முகம் கழுவும்போது ஆடினால் அதுதான் காரணம். குளியலறையில் ஒரு கைப்பிடி, ராத்திரிக்கு ஒரு சின்ன விளக்கு போட்டுவிடுங்கள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குகிறேன், கெண்டைக்காலில் பலம் கூடியிருக்கிறது.

கடைசியாக, எதற்குக் காத்திருக்கக் கூடாது என்று சொல்கிறேன். சின்னப் புண், கொப்புளம், நீர் வடிதல், வாடை, ஒரு விரல் கறுப்பது, காலில் ஒரு இடம் சிவந்து பரவுவது, காய்ச்சல், இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். வலிக்கவில்லையே என்று நாளைக்குத் தள்ளாதீர்கள். அதேபோல் அடிபட்ட ஞாபகமே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கி, சிவந்து, சூடாக இருந்தால் உள்ளே எலும்பு நொறுங்கத் தொடங்கியிருக்கலாம்; சார்கோ பாதம் என்பார்கள், அதற்கு வலி கொஞ்சமாகத்தான் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அந்தக் காலை ஊன்றாமல் மருத்துவரிடம் போங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு முறை நைலான் நரம்புச் சோதனை எல்லாச் சர்க்கரைக்காரர்களுக்கும் உண்டு, உணர்ச்சி போனவர்களுக்கு அதைவிட அடிக்கடி. சில நிமிஷ வேலைதான். மருத்துவர் ரத்த ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பப் பார்த்தால், செருப்பையும் சாக்ஸையும் நீங்களே கழற்றிவிட்டு, "காலையும் ஒரு தடவை பாத்திருங்க" என்று கேளுங்கள். நான் ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன்.